நான்கு திரைக்குள் ஓர் உலகம்

தொலைக்காட்சித் திரையில் ஒரு சிற்றூருக்குள் நுழைகிறீர்கள். சுவர்கள், மரங்கள், ஒரு விடுதி. எதிர்ப்படுபவரிடம் பேசினால், அடுத்து எங்கே போகவேண்டும் என்று துப்புச் சொல்கிறார். 1986இல் ஜப்பானில் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' விளையாட்டு இது. அதன் உலகம் முழுவதும் 64 கிலோபைட், அதாவது 65,536 பைட் கொள்ளும் கேசட்டில் அடங்கிவிட்டது. எப்படி?

கணக்குப் போட்டுப் பாருங்கள். திரையில் 256 × 240 = 61,440 புள்ளிகள். புள்ளிக்கு 2 பிட் என்றாலும் ஒரு திரைக்கு 15,360 பைட் வேண்டும். நான்கே திரைகளில் கேசட் ஏறக்குறைய நிறைந்துவிடும்!

சேலையில் பூ அச்சிடுபவர் ஒரே மரக்கட்டையைத் திரும்பத் திரும்பப் பதிக்கிறார் அல்லவா? அதே வழிதான். மரம், சுவர், நீர் ஆகியவற்றை 16 × 16 புள்ளிக் கட்டங்களாக ஒருமுறை மட்டும் சேமித்து, எங்கே எந்தக் கட்டம் என்பதை எண்ணால் குறித்தார்கள். திரைக்கு 240 கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு பைட் என்றாலும் 240 பைட் போதும்.

ஊராரும் எண்களே: நிற்கும் இடம், உருவம், பேசும் வசனம். அவர்கள் உலாவும் திசையைச் சமவாய்ப்பு எண் முடிவு செய்கிறது.

எழுத்துகளுக்கும் பஞ்சம். கத்தாகானாவின் 46 அடிப்படை எழுத்துகளில் சுமார் இருபதை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றுக்குள் அடங்கும் பெயர்களையே தேர்ந்தார் வடிவமைப்பாளர் யூஜி ஹோரி. கதாநாயகனுக்கோ, ஜப்பானியப் பதிப்பில், முன்பக்க உருவம் மட்டுமே. வடக்கே நடந்தாலும் முகம் நம்மைப் பார்க்கும். ஆகவே யாரிடமாவது பேச வேண்டுமானால், எந்தத் திசையில் என்று நீங்கள்தான் சொல்லவேண்டும்.