ஆபீஸில் உங்கள் மீது விசாரணையா? அந்தச் சில வாரங்களைக் கடப்பது எப்படி?

"உங்கள் மீது வந்துள்ள புகார் குறித்து மூன்று நாள்களுக்குள் எழுத்துபூர்வமாக விளக்கம் அளிக்கவும்."

ஹெச்.ஆரிடமிருந்து இப்படி ஒரு மெயில் வந்தால் போதும்... சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது. கேன்டீனில் யாராவது சிரித்தால்கூட நம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றும். தப்பு செய்தவரோ செய்யாதவரோ, விசாரணைக் காலம் இருவரையும் ஒரேபோலத்தான் வதைக்கும்.

ஏன் இவ்வளவு டென்ஷன்?

வேலை போகும் என்று உறுதியாகத் தெரிந்தால் அடுத்த வேலையைத் தேடலாம். 'போகுமா, போகாதா' என்ற இழுபறிதான் ஆளைத் தின்றுவிடும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஓர் ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. கம்ப்யூட்டர் திரையில் தெரியும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் ஷாக் அடிக்கும். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, 'அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம்' என்று 50 சதவிகித வாய்ப்பு இருந்தபோதுதான் ஸ்ட்ரெஸ் உச்சத்துக்குப் போனது.

ஆக, முடிவு நம் கையில் இல்லாவிட்டாலும், தெரியாத விஷயங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

வந்திருப்பது என்ன கடிதம்?

முதலில் அதை நிதானமாகப் படியுங்கள். விளக்கம் கேட்கும் நோட்டீஸ் என்பது ஒரு கேள்வி மட்டுமே. குற்றச்சாட்டுகளை வரிசைப்படுத்தித் தருவது சார்ஜ் ஷீட். தமிழக அரசு ஊழியர் என்றால், 17ஏ மெமோ சிறிய தண்டனைக்கானது, 17பி பணிநீக்கம் வரை போகக்கூடியது. விசாரணைக்காக சஸ்பெண்ட் செய்வது தண்டனை ஆகாது. தொழிலாளர் சட்டங்களின் வரம்புக்குள் வருபவர் என்றால், சஸ்பென்ஷனின் முதல் 90 நாள்களுக்குப் பாதிச் சம்பளத்தைப் பிழைப்பூதியமாகத் தர வேண்டும். மேனேஜர் நிலையில் இருப்பவர்கள், ஆஃபர் லெட்டரையும் கம்பெனி பாலிசியையும் எடுத்துப் பாருங்கள்.

முதல் நாளில் இதெல்லாம் வேண்டாம்!

* கோபத்தில் உடனே பதில் அனுப்பாதீர்கள். அவகாசம் தேவை என்றால், புகாரின் நகலையும் கூடுதல் நாள்களையும் மெயிலில் கேளுங்கள்.

* 'ராஜினாமா பண்ணிட்டா முடிஞ்சுது' என்று அவசரப்படாதீர்கள். விசாரணை நடக்கும்போது ராஜினாமாவை ஏற்காமல் நிறுத்திவைக்கும் நிறுவனங்கள் உண்டு.

* சாட், மெயில் எதையும் அழிக்காதீர்கள். ஆபீஸ் ஃபைல்களை பர்சனல் மெயிலுக்கு அனுப்பிக்கொள்ளவும் வேண்டாம். அதுவே தனிக் குற்றச்சாட்டாக மாறிவிடலாம்.

* புகார் கொடுத்தவருக்கு போன் போட்டுப் பேசாதீர்கள். சமாதானம் பேசப் போனாலும், மிரட்டியதாக ஆகிவிடும்.

கவலைக்கும் டைம்டேபிள் போடுங்கள்!

ஒரு நோட்டு வாங்கி, என்ன நடந்தது, எந்தத் தேதி, யார் இருந்தார்கள் என்று வரிசையாக எழுதுங்கள். இதற்கென்று தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், மாலை 6 முதல் 7 வரை என்பதுபோல. ராத்திரி 2 மணிக்கு ஏதாவது ஞாபகம் வந்தால், ஒரு வரி குறித்துவிட்டுப் படுங்கள். மீதியை மறுநாள் 6 மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம். எழுதி வைத்துவிட்டால், மறந்துவிடுவோமோ என்று மனசு அதையே திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வீட்டில் சொல்லலாமா?

சஸ்பெண்ட் ஆன பிறகும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பார்க்கிலும் பஸ் ஸ்டாண்டிலும் பொழுதைக் கழித்துவிட்டு வீடு திரும்புபவர்கள் இருக்கிறார்கள். விசாரணையின் பாரத்தோடு இந்த நாடகத்தின் பாரமும் சேர்ந்துகொள்ளும். எல்லோரிடமும் சொல்ல வேண்டாம். ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். "ஆபீஸ்ல ஒரு புகார், விசாரிக்கிறாங்க. முடிவு வர சில வாரம் ஆகும். இப்போதைக்கு யோசனை வேண்டாம், கூட இருந்தா போதும்." இந்த அளவு போதும். சம்பளம் குறைந்தால் இ.எம்.ஐ-யை எப்படிச் சமாளிப்பது என்பதையும் அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடுங்கள். டீம் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் புலம்பாதீர்கள். அங்கே இருப்பவர் நாளைக்குச் சாட்சியாக வரலாம்.

விசாரணை நாளில்...

உள்விசாரணையில் ஆவணங்களைப் பார்க்கவும், சாட்சிகளைக் குறுக்குவிசாரணை செய்யவும் வாய்ப்புக் கேட்கலாம். உதவிக்கு சக ஊழியரை அழைத்துச் செல்ல முடியுமா என்றும் முன்கூட்டியே கேளுங்கள். தெரியாத கேள்விக்கு 'தெரியாது' என்பதே சரியான பதில். நடவடிக்கைக் குறிப்பை முழுசாகப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள், நகலும் கேட்டு வாங்குங்கள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். உதவி எண் 15100.

நிஜமாகவே தப்பு நடந்திருந்தால்?

எது நடந்ததோ அதை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். பயத்தில் செய்யாததையும் சேர்த்து ஏற்க வேண்டாம். செய்ததை மறைத்து இன்னொரு பொய்யும் சொல்ல வேண்டாம். தாமதமாக அனுப்பிய ரிப்போர்ட்டும் போலி பில்லும் ஒன்றல்ல. அந்த அளவு வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல, உங்கள் விளக்கக் கடிதம்தான் சரியான இடம்.

உடம்பையும் பாருங்கள்

மாலைக்கு மேல் காபி வேண்டாம். தூக்கத்துக்காகக் குடியை நாடவே வேண்டாம், அது தூக்கத்தைக் கெடுக்கத்தான் செய்யும். சஸ்பென்ஷனில் இருந்தாலும் வழக்கமான நேரத்துக்கு எழுந்து குளித்துவிடுங்கள். தூக்கமே இல்லாத நாள்கள் தொடர்ந்தாலோ, 'வாழ்ந்து என்ன ஆகப்போகுது' என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலோ, விசாரணை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

விசாரணை அதிகாரி எழுதப்போவது, ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த ஒரு குறிப்பிட்ட விஷயத்தைப் பற்றி மட்டும்தான். அந்த முடிவு பாதகமாக வந்தாலும் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. அதுவரை உங்கள் வேலை மூன்றுதான்: நேரத்துக்குச் சாப்பிடுவது, தூங்குவது, கேட்டதற்குத் தேதிக்குள் பதில் தருவது.