வரம்பும் விலையும்

விலைக்கு உச்சவரம்பு கட்டினால் நாளடைவில் வரம்பே விலையாகிவிடும் என்பதைச் சந்தை அறிந்த நம் அங்கத்தினர்கள் உணர்வார்கள். ஆஸ்திரேலியாவில் 2013-இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டத்திலும் அதுவே நிகழ்ந்தது. சர்க்கார் ஒவ்வொரு பயனாளிக்கும் ஒரு தொகையை ஒதுக்குகிறது. நீராட்டுதல், உணவூட்டுதல் முதலிய உதவிகளை அவர் தாம் விரும்பியவரிடம் விலைக்குப் பெறுகிறார். பல உதவிகளுக்கு மணிக்கு இவ்வளவு என்னும் வரம்பைத் திட்டத்தை நடத்தும் நிறுவனமே விதித்து வந்தது; சேவை தருவோர் பலரும் அவ்வரம்பையே கேட்டனர். வரம்பு மிகுந்தால் பயனாளிக்குக் கிடைக்கும் உதவி நேரம் சுருங்கும். குறைந்தால் தேர்ந்த பணியாளர் விலகுவர். ஆகவே, 2023 டிசம்பரில் வெளியான சுயேச்சை மறுஆய்வு, விலை பற்றி ஆலோசனை கூறும் பொறுப்பை, மருத்துவமனைச் செலவுகளை ஆராயும் தனி ஆணையத்திடம் மாற்றும்படி பரிந்துரைத்தது. செலவை நடுநின்று கணக்கிட்டு வகுத்த விலையே கொடுப்போர், உழைப்போர், பெறுவோர் மூவரையும் காக்கும்.