கோலாரின் முதல் சூதாட்டக்காரர்

நியூஸிலாந்தில் மாவோரிகளுடன் போரிட்ட அயர்லாந்துக்காரர் மைக்கேல் லாவெல்லுக்கு பெங்களூர் கன்டோன்மென்டின் ஓய்வு வாழ்க்கை அலுத்தது. கோலார் கிராமவாசிகள் மண்ணைக் கழுவித் தங்கம் எடுப்பது பற்றி ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி பல பத்தாண்டுகளுக்கு முன் எழுதியது கண்ணில் பட, 1871-ல் மாட்டு வண்டி ஏறிவிட்டார். சுமார் 100 கி.மீ. பயணம்.

பின்னர் மைசூர் அரசு சுரங்க உரிமம் தந்தது. சிக்கல் அதன் பிறகுதான். தங்கம் இருந்தது பாறைக்குள், வெகு ஆழத்தில். தோண்டப் பெரும் பணம் வேண்டும். ஓய்வுபெற்ற சிப்பாயிடம் ஏது? 1877-ல் உரிமம் வேறு ராணுவ அதிகாரிகளிடம் கைமாறியது. 1880-ல் வந்த ஜான் டெய்லர் கம்பெனிதான், வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்களின் உழைப்பில் தங்கத்தை அள்ளியது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

லாவெல்லுக்கு மிஞ்சியது பெங்களூரில் ஒரு சாலையின் பெயர். அங்கே நிலத்தின் விலை என்னவோ தங்கம்தான்.