பழைய கணினியில் வரைகலை அட்டையும் திரை அமைப்பும்

பழைய கணினியில் திரை அமைத்தல் என்பது, அதிலுள்ள வரைகலைச் சில்லுக்கோ வரைகலை அட்டைக்கோ உரிய இயக்கி மென்பொருளை நிறுவி, திரையின் இயல்பான பிரிதிறனில் படம் தெரியச் செய்வதாகும். வரைகலை அட்டை பேச்சுவழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படும். இயங்குதளத்தை மறுபடி நிறுவியபின் எழுத்துகள் இழுபட்டு மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் திரை பழுதாகியிருக்காது. சரியான இயக்கி ஏறாததே காரணமாக இருக்கும்.

தமிழ்நாட்டில் இச்சிக்கலைப் பலர் சந்திக்கின்றனர். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் பிளஸ் டூ மாணவர்களும் கல்லூரி மாணவர்களும் எல்காட் வழியாக மடிக்கணினிகளைப் பெற்றனர். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் அளித்த ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. அதையொட்டி, சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சுக்கு மாறும்படி அரசுத் துறைகள் அறிவுறுத்தப்பட்டன. இவ்வாறு இயங்குதளம் மாறும்போதெல்லாம் திரை இயக்கியும் மாறவேண்டியிருக்கிறது. விருதுநகருக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையிலுள்ள பாலவனத்தம் போன்ற ஊர்களில், ஒரு மடிக்கணினியைப் பழுதுபார்க்கப் பேருந்தேற வேண்டும். ஆகவே எது மென்பொருள் கோளாறு, எது வன்பொருள் பழுது என்று வீட்டிலேயே பிரித்தறிவது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

பிரிதிறனும் தமிழ் எழுத்தும்

எல்சிடி திரையில் பிக்சல்களின் எண்ணிக்கை மாறாதது. அக்கால 14 அங்குல மடிக்கணினிகளில் பெரும்பாலும் 1366×768. 17 அங்குலச் சதுர மானிட்டர்களில் 1280×1024. இதைவிடக் குறைந்த பிரிதிறனைக் கொடுத்தால் படம் நீட்டப்பட்டு, ஒரு பிக்சலின் நிறம் பக்கத்துப் பிக்சலிலும் கசியும். ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கும், தமிழ் தாங்காது. சிறிய எழுத்தில் மெய்யின் புள்ளி இரண்டொரு பிக்சல் அளவே இருக்கும். அது கரைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும். இகர, ஈகாரச் சுழிகளுக்கும் வேறுபாடு தெரியாது. இணையவழி விண்ணப்பத்தில் பெயரைச் சரிபார்ப்பவருக்கு இது சிறிய விஷயமன்று. பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ்களை மின்படியாகப் படிப்பவருக்கும் அப்படித்தான்; பழைய அச்சு ஏற்கெனவே மங்கியது.

எழுத்து பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காகவே பிரிதிறனைக் குறைத்து வைப்போர் உண்டு. அது தவறான வழி. பிரிதிறனை முழு அளவில் வைத்துக்கொண்டு, எழுத்தளவை 125 விழுக்காடு ஆக்குவதே சரி. விண்டோசிலும் லினக்சிலும் இதற்குத் தனி அமைப்பு இருக்கிறது.

இயக்கியைக் கண்டறிதல்

சரியான இயக்கி கிடைக்காதபோது இயங்குதளம் வீசா எனப்படும் பொது முறையில் படம் காட்டும். அதில் 800×600, 1024×768 போன்ற பழைய அளவுகளே பெரும்பாலும் கிடைக்கும். 1366 என்பது எட்டால் மீதியின்றி வகுபடாத எண் என்பதால், சில இயக்கிகள் 1360×768 என்று காட்டுவதும் உண்டு.

விண்டோசில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, திரைச் சாதனத்தின் விவரங்களில் ஹார்டுவேர் ஐடியைப் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல், 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி அல்லது பழைய ஏடிஐ, 1039 என்றால் சிஸ். அடுத்துள்ள எண் சில்லின் வகையைச் சொல்லும். கணினி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்குரிய இயக்கியை முதலில் தேடுவது நல்லது. 'எல்லா இயக்கிகளையும் புதுப்பிக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களைத் தவிர்க்க வேண்டும். புதிய இயக்கியே சிறந்தது என்பதும் இங்கே பொருந்தாது: என்விடியாவின் ஜிபோர்ஸ் 6, 7 வரிசை அட்டைகளுக்கு 304 தொகுதியும், 8, 9, 200 வரிசைகளுக்கு 340 தொகுதியும்தான் கடைசி.

லினக்சில் இன்டெல் சில்லுக்குத் தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை; இயக்கி கெர்னலிலேயே இருக்கிறது. அங்கே அடிக்கடி நேரும் சிக்கல் வேறு. நிறுவும்போது திரை கறுத்துப்போனால் 'நோமோட்செட்' என்ற சொல்லைத் தொடக்க வரியில் சேர்ப்பார்கள். நிறுவி முடித்தபின் அதை நீக்க மறந்தால் உண்மையான இயக்கி ஏறாது, குறைந்த பிரிதிறனே நிலைத்துவிடும். குரப் அமைப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்தாலே பல கணினிகள் சரியாகின்றன.

மேசைக் கணினியில் இயக்கி சரியாக இருந்தும் பிரிதிறன் ஏறாவிட்டால், விஜிஏ கேபிளைச் சோதிக்க வேண்டும். மானிட்டர் தனக்கு ஏற்ற அளவுகளை 12, 15ஆம் ஊசிகளின் வழியாகவே கணினிக்குச் சொல்கிறது. அவை வளைந்தோ முறிந்தோ இருந்தால் கணினிக்கு அந்தத் தகவல் எட்டாது. வேறொரு கேபிளை மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை.

அட்டை பொருத்துதல்

தனி அட்டை வாங்குமுன் தாய்ப்பலகையில் இருப்பது ஏஜிபியா பிசிஐ எக்ஸ்பிரசா என்று பார்க்க வேண்டும். ஒன்றின் அட்டை மற்றதில் நுழையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் துளை அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் தரும். பழைய எஸ்எம்பிஎஸ் உள்ள கணினிக்குத் தனி மின்கம்பி கேட்காத சிறிய அட்டையே பாதுகாப்பானது.

பொருத்தும் முன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னூட்டத்தை வெளியேற்ற வேண்டும். வறண்ட காற்றில் உடலில் நிலைமின்னூட்டம் எளிதாகச் சேரும் என்பதால், கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு அட்டையைக் கையிலெடுக்க வேண்டும். பொருத்தியபின் மானிட்டர் கேபிளை அட்டையில் செருக வேண்டும். பழைய துளையிலேயே செருகிவிட்டு அட்டை வேலை செய்யவில்லை என்பவர்கள் அநேகர். அப்படியும் படம் வராவிட்டால், பயாசில் முதன்மைத் திரையாகத் தாய்ப்பலகைச் சில்லு தேர்வாகியிருக்கலாம். அதை மாற்ற வேண்டும்.

விண்டோசில் தவறான பிரிதிறனைத் தேர்ந்தால் அஞ்ச வேண்டியதில்லை. உறுதிசெய்யாவிட்டால் 15 வினாடிகளில் பழைய அமைப்பே திரும்பும். பழைய குழாய் மானிட்டர்களில் மட்டும் தாங்காத அதிர்வெண்ணைக் கொடுப்பது ஆபத்து.

கணினியை இயக்கியவுடன், இயங்குதளம் ஏறும் முன்பே பயாஸ் திரையில் கோடுகளோ வண்ணப் புள்ளிகளோ தெரிந்தால் அது வன்பொருள் பழுது. எந்த இயக்கியாலும் தீராது. கரிசல் காட்டுப் புழுதி அட்டையின் விசிறியில் அடைத்துச் சூடேறியிருக்கலாம். தூசியைத் துடைத்தும் கோடுகள் போகாவிட்டால், அட்டையைக் கழற்றிவிட்டுத் தாய்ப்பலகையின் சொந்த விஜிஏ துளையில் மானிட்டரைச் செருகிப் பார்க்கலாம். அதில் படம் தெளிவாக வந்தால், தட்டச்சுக்கும் இணையத்துக்கும் அதுவே போதும்.