சாய்ந்தமர்ந்து ஓட்டும் முச்சக்கர மிதிவண்டி

ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரை அடுத்த அல்ட்டோர்ஃப் என்னும் ஊரில் ஸ்டீபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளர் ஒருவர் வாழ்ந்தார். அவரால் நடக்க இயலாது. 1655-ஆம் ஆண்டில் அவர் கைகளால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தாமே செய்துகொண்டார். மிதிவண்டியின் முன்னோடியான இருசக்கர வண்டி 1817-இல்தான் தோன்றிற்று. ஆகவே, தன் வலியால் தானே இயங்கும் ஊர்தியின் வரலாற்றில் உடற்குறை உடையார்க்குப் பிந்திய இடமன்று, முந்திய இடமே உரியது எனலாம்.

அவ்வழியில் வந்த இன்றைய ஊர்தியே சாய்வு முச்சக்கர மிதிவண்டி. ஓட்டுபவர் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் முதுகைச் சார்த்தி அமர்ந்து, கால்களை முன்னே நீட்டி மிதிப்பார். இவ்வாறு அமர்வது நோயாளிகளுக்கென்று ஏற்பட்ட முறையன்று. 1933-இல் பாரிஸ் நகரில் பிரான்சிஸ் ஃபோர் என்பவர் சாய்வு வகை இருசக்கர வண்டியில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே பன்னாட்டு மிதிவண்டிச் சங்கம் அவ்வகை வண்டிகளைப் போட்டிகளிலிருந்து விலக்கிவிட்டது.

பக்கவாதம், மூட்டுநோய், தசைத் தளர்ச்சி முதலியவற்றால் நடை குன்றியவர்க்கு இவ்வண்டியால் விளையும் நன்மை தெளிவானது. மூன்று சக்கரம் இருப்பதால் நிற்கும்போது சமநிலை காக்க வேண்டுவதில்லை. உடலின் எடையை இருக்கை தாங்குவதால் மணிக்கட்டும் கழுத்தும் நோவதில்லை. எனினும் எல்லா வண்டியும் எல்லார்க்கும் பொருந்தா.

இருவகை அமைப்பு

முன்னே இரு சக்கரமும் பின்னே ஒன்றும் உடையதைத் தலைப்பிரட்டை வகை என்பர். அகன்ற தலையும் ஒடுங்கிய வாலும் இப்பெயருக்குக் காரணம். முன்னே ஒன்றும் பின்னே இரண்டும் உடையது, கிரேக்க முக்கோண எழுத்தின் பெயரால் டெல்ட்டா வகை எனப்படும். முதல் வகை பெரும்பாலும் தரையை ஒட்டித் தாழ்ந்திருப்பதால் வளைவுகளில் உறுதியாக நிற்கும். ஆனால் அதில் அமர்வோர் முன்சக்கரங்களுக்கிடையே கால் வைத்து, 30 செ.மீ. அளவே உயர்ந்த இருக்கையில் இறங்க வேண்டும். மீண்டும் அங்கிருந்து எழவும் வேண்டும். டெல்ட்டா வகையிலோ இருக்கை, சாதாரண நாற்காலியின் உயரத்தை நெருங்கும்படி அமைவதுண்டு. அமர்வதும் எழுவதும் எளிது. ஆயினும், உயர்ந்த இருக்கையோடு வளைவில் விரைந்து சென்று பிரேக் பிடித்தால், எடை ஒற்றைச் சக்கரம் உள்ள முன்பக்கம் சாய்ந்து வண்டி கவிழக்கூடும். நிதானமாக ஓட்டுபவர்க்கே அது ஏற்றது.

காலும் கையும்

மிதிகட்டையில் கால் நிலைத்திருத்தல் இன்றியமையாதது. உணர்ச்சி குன்றிய கால் ஓடும்போது நழுவித் தரையில் ஊன்றினால், வண்டி அக்காலின்மேல் ஏறிச் சென்று எலும்பை முறித்துவிடும். ஆதலின் குதிகாலைத் தாங்கும் கிண்ணமும் வாரும் உள்ள மிதிகட்டை வேண்டும். கால் பக்கவாட்டில் சாயுமாயின் கெண்டைக்காலுக்கும் தாங்கி வேண்டும். முழங்கால் முழுதும் மடங்காதவர்க்கு மிதிதண்டின் நீளத்தைக் குறைக்கலாம். வழக்கமான 170 மி.மீ. தண்டுக்குப் பதிலாக 150 மி.மீ. தண்டு இட்டால், மிதிக்கும் வட்டம் சிறுத்து மூட்டின் மடிப்புக் குறையும். ஒரு காலுக்கு மட்டும் குறைப்பதும் இயலும்.

தலைப்பிரட்டை வகையில் பெரும்பாலும் இடக்கைப் பிடி இட முன்சக்கரத்தையும், வலக்கைப் பிடி வலச் சக்கரத்தையும் தடுக்கும். ஒரு கை செயலற்றவர் ஒன்றை மட்டும் பிடித்தால் வண்டி ஒருபுறம் இழுக்கும். ஒரே பிடி இரு பிரேக்குகளையும் இயக்கும் அமைப்பு அவர்க்குத் தேவை. கியர் மாற்றும் பிடியும் நலமுள்ள கையின் பக்கமே இருக்க வேண்டும். சக்கரக் குடத்தினுள் அமைந்த கியராயின், வண்டி நின்றபின்னும் மாற்றலாம். சங்கிலி தாவும் வகையில் மிதித்துக்கொண்டே மாற்றியாக வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வண்டி உருளாதிருக்க, நிறுத்திப் பூட்டும் பிரேக் கட்டாயம் தேவை. மேட்டில் புறப்பட வலுவில்லாதவர்க்கு மின்மோட்டார் துணை செய்யும்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

வீட்டு வாயிலின் அகலத்தை முதலில் அளத்தல் நலம். பல வண்டிகள் ஏறத்தாழ 80 செ.மீ. அகலமுடையவை. அடுத்து, கடையில் ஒருமுறை அமர்ந்து பார்த்து முடிவு செய்தல் தவறு. அரைமணி நேரம் ஓட்டிக் களைத்தபின், பிறர் கைகொடாமல் எழ முடிகிறதா என்பதே உண்மையான சோதனை. புறப்படும்போது இருக்கும் வலு திரும்பும்போது இருப்பதில்லை. நோய் வளரும் இயல்புடையதாயின், இன்றைய நிலைக்கு மட்டுமின்றி நாளைய நிலைக்கும் ஏற்ற உயரத்தைத் தேர்தல் வேண்டும். இயன்முறை மருத்துவரின் கருத்தையும் கேட்டல் நன்று.

விலையும் வேகமும் பின்னர் எண்ணத்தக்கவை. தானே ஏறி, தானே ஓட்டி, தானே இறங்கி வீட்டினுள் செல்ல எவ்வண்டி இடந்தருகிறதோ, அதுவே அவர்க்குரிய வண்டி.