நகம் சொன்ன சாட்சி

லயத்துப் பெண்கள் – 7

சென்ற வாரம் பால்மரத்தடியில் நின்றோம். இந்த வாரம் செம்பனைக்குள் போவோம்.

ரந்தாவ், சிலியாவ், லிங்கி, பாகாவ் என்று நெகிரி செம்பிலானில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு காலத்தில் ரப்பர்தான். அது போய்ச் செம்பனை வந்தபோது, பால் சீவும் கத்தியைப் பெண்கள் கீழே வைத்தார்கள். குலை வெட்டுவது பெரும்பாலும் ஆண்களின் வேலையானது. உதிரிப் பழம் பொறுக்குவதும் உரம் போடுவதும் புல்லுக்கு மருந்தடிப்பதும் பெண்கள் பக்கம் வந்தன.

விடியுமுன் எழுந்து உலை வைக்க வேண்டும். தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓட வேண்டும். கிராணி பேர் வாசிக்கும்போது ஆள் இல்லையென்றால் அன்றைய கூலி போனது போலத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நாள் சம்பளக்காரிக்கு இரட்டைக் கவலை.

புல்லைக் கருக்கும் பாராகுவாட்டுக்குத் தோட்டத்தில் பேர் ‘மருந்து’. விழுங்கிவிட்டால் இந்த மருந்துக்கு மாற்று மருந்து கிடையாது. தொட்டியை முதுகில் ஏற்றி, ஒரு கையால் பம்பு அடித்துக்கொண்டு, மறு கையால் தெளித்தபடி மேடும் பள்ளமும் நடப்பார்கள். தொட்டி ஒழுகினால் முதுகு நனையும், காற்று திரும்பினால் முகம் நனையும். நகம் நிறம் மாறிக் கழன்று விழும். மூக்கில் ரத்தம் வரும். மாலையில் அந்தச் சட்டையையும் துவைக்க வேண்டியவள் அவளேதான்.

ஏன் நெடுநாள் வாய் திறக்கவில்லை? தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் வீடு போகும். வீடு போனால், தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் தமிழ்ப்பள்ளியும் பிள்ளைக்குத் தூரமாகும். ‘உனக்கெதுக்கு வம்பு’ என்று வீட்டார் தடுத்ததும் இந்தப் பயத்தால்தான். பின்னால் அவள் துணிந்து பேசியதும் அதே பிள்ளைக்காகத்தான். குடும்பம், வேலை, போராட்டம் என்று நாம் மூன்றாகப் பிரித்து எழுதுகிறோம். லயத்தில் அவை ஒரே கயிற்றின் மூன்று புரி.

அந்தப் பேச்சைக் கேட்டு எழுதிக்கொள்ள ஆள் வந்தது 1990களில். கெடா மாநிலத்தில் தோட்ட மேற்பார்வையாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் ஐரின் பெர்னாண்டஸ். ஆசிரியர் வேலையை விட்டுத் தொழிலாளர் பக்கம் வந்த அவர், 1991இல் தெனாகனிதா அமைப்பைத் தொடங்கினார். பூச்சிக்கொல்லிகளுக்கு எதிரான ஆசிய பசிபிக் அமைப்போடு சேர்ந்து, மருந்தடிக்கும் பெண்களிடமே அவர்கள் உடம்பின் கதையைக் கேட்டுப் பதிவு செய்தது தெனாகனிதா. 2002இல் அது அறிக்கையாக வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மலேசிய அரசு அறிவித்தது.

ஆனால் 2006இல் தடை தளர்ந்தது. செம்பனை நிறுவனங்களின் குரல் ஓங்கி ஒலித்தது. மலிவான மருந்து என்பது அவர்கள் வாதம். அந்த மலிவு விலையில் பெண்களின் நகமும் நுரையீரலும் கணக்கில் சேரவில்லை.

இதற்கிடையே, குடியேறிகள் தடுப்பு முகாம்களின் நிலையை வெளியிட்டதற்காக ஐரினுக்கு 2003இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் 2008இல் விடுதலையானார். 2014இல் மறைந்தார். பாராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது 2020 ஜனவரி 1 அன்று. முதல் அறிவிப்புக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய பதினேழரை ஆண்டுகள். ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட குழந்தை வளர்ந்து தானே சம்பாதிக்கத் தொடங்கும் காலம் அது.

இன்று பல தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் இல்லை. அந்தத் தொட்டியைச் சுமப்பவர்கள் கடல் கடந்து வந்த இந்தோனேசியரும் வங்காளதேசியரும். அவர்களுக்கும் தங்குமிடம் தோட்டத்துடையதுதான். பெரட்டில் பேர்கள் மாறியிருக்கின்றன, பயம் அப்படியே இருக்கிறது.

வேலை போனால் கூடவே போகும் அந்த லயத்து வீட்டின் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)