பட்டியலைக் கடைசியிலிருந்து படிப்பது ஏன்?

டோட்டா 2 ஆட்டத்தில் ஒரு மந்திரம் வெடித்தால் அது யார் யார் மேல் விழும் என்பதை ஆடுபவரின் கணினி முடிவு செய்வதில்லை. சர்வர்தான் முடிவு செய்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருப்பவர் மவுஸைச் சொடுக்குவார். சர்வர் கணக்குப் போட்டு விடையைத் திரைக்கு அனுப்பும். இந்தக் கணக்கு வினாடிக்கு 30 முறை நடக்கிறது.

மலேசியாவில் இந்த ஆட்டத்துக்கு மவுசு அதிகம். 2013இல் சியாட்டலில் நடந்த உலகப் போட்டியில் மலேசியாவின் ஆரஞ்சு அணி மூன்றாம் இடம் பிடித்தது. 2018 நவம்பரில் கோலாலம்பூர் மேஜர் போட்டியின் இறுதிச் சுற்றுகள் புக்கிட் ஜாலில் ஆக்ஸியாத்தா அரங்கில் நடந்தன. ஆடுவதோடு நில்லாமல், ஆட்டத்தின் விதிகளை மாற்றிப் புது ஆட்டம் உருவாக்கவும் வழி இருக்கிறது. அதற்கான மொழி லுவா. 1993இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தது.

லுவாவில் எழுதிச் சர்வரில் ஓடும் நிரலில், அதாவது சர்வர் ஸ்கிரிப்டில், அடிக்கடி தேவைப்படுவது, 'இப்போது யார் யார் இருக்கிறார்கள்?' என்ற கேள்விக்கு விடை. எந்தக் கோப்பிலிருந்தும் அழைக்கக்கூடிய பொதுச் செயற்கூறுகள், அதாவது குளோபல் ஃபங்ஷன்கள், அந்த விடையைத் தருகின்றன. டோட்டாவில் 'ஃபைண்ட்யூனிட்ஸ்இன்ரேடியஸ்' அப்படிப்பட்டது. எந்த அணிக்காகத் தேடுவது, மையம் எது, எவ்வளவு தூரம், எதிரியா கூட்டாளியா, அருகில் இருப்பவர் முதலில் வர வேண்டுமா என்றெல்லாம் சொன்னால், அகப்பட்டவர்களைப் பட்டியலாகத் தரும். லுவாவில் அந்தப் பட்டியலுக்கு டேபிள் என்று பெயர். அதில் முதல் ஆளின் எண் 1. பல மொழிகளில் இருப்பதுபோல் 0 அல்ல.

யாரும் அகப்படாவிட்டால் வெறும் பட்டியல் வரும். அதைப் பார்க்காமல் முதல் ஆளைத் தாக்கச் சொன்னால், இல்லாத ஆளைத் தொட முயன்று ஸ்கிரிப்ட் பிழையோடு நின்றுவிடும். அதனால் நீளத்தை முதலில் பார்ப்பது நல்லது.

அதைவிட நுட்பமான தவறு, பட்டியலைப் படித்துக்கொண்டே ஆளை நீக்குவது. கோயில் அன்னதானப் பந்தியில் ஐந்து பேர் இருக்கிறார்கள். சாம்பார் வாளியோடு வருபவர் இரண்டாம் இலைக்கு வரும்போது அங்கிருந்தவர் எழுந்துவிடுகிறார். அவருக்கு அடுத்திருப்பவர்கள் ஒவ்வோர் இடம் முன்னே நகர்ந்து உட்காருகிறார்கள். மூன்றாமவர் இப்போது இரண்டாம் இடத்தில். வாளிக்காரரோ மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார். ஒருவருக்குச் சாம்பாரே விழவில்லை. பட்டியலிலிருந்து ஆளை நீக்கும் 'டேபிள்.ரிமூவ்' செய்வதும் இதேதான். இறந்தவரை நீக்கியதும் பின்னால் இருப்பவர்கள் முன்னே நகர, அடுத்தவர் கணக்கில் வராமல் தப்பிவிடுவார். கடைசி இலையிலிருந்து பரிமாறி வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. நகர்கிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சாம்பார் வாங்கியவர்கள்.

கிடைக்கும் பட்டியல் அந்த நொடியின் நிழற்படம் மட்டுமே. ஐந்து வினாடி கழித்து அதைப் பயன்படுத்தினால், அதில் உள்ள ஒருவர் களத்திலிருந்தே மறைந்திருக்கலாம். ஆள் மறைந்துவிட்டாரா என்று சொல்லும் 'இஸ்நல்' செயற்கூறைக் கேட்டுப் பார்த்த பிறகே அவரைத் தொட வேண்டும். இல்லையென்றால் புதிதாகத் தேட வேண்டும். ஆனால் அதற்காகச் சர்வரின் ஒவ்வொரு கணக்குச் சுற்றிலும் களம் முழுவதையும் தேடினால் ஆட்டம் தடுமாறும்.

இன்னொன்று பெயர். லுவாவில் 'லோக்கல்' என்று குறிப்பிடாத மாறி பொதுவாகிவிடும். இரண்டு கோப்புகள் 'எதிரிகள்' என்ற ஒரே பொதுப் பெயரில் பட்டியல் வைத்தால், பின்னது முன்னதை அழித்துவிடும். பொதுவாக இருக்க வேண்டியது தேடும் செயற்கூறு; அது தரும் பட்டியல் கேட்டவரிடமே இருக்கட்டும்.